இல்லாத பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை. தலைச்சுற்றல் இல்லை. தூக்கம் ஆறு மணி நேரம்.

டாக்டர் இந்த நோட்டில் எழுதச் சொன்னது இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் மூன்று வரி எழுதிவிட்டு மீதியைச் சும்மா விட மனம் வரவில்லை. இருபத்தேழு வருஷம் பேருந்து ஓட்டி, தினமும் பயண அறிக்கை எழுதிய கை. வண்டியை எடுத்த நேரம், விட்ட நேரம், வழியில் நடந்தது என்று பக்கத்தை நிரப்பியே பழக்கம்.

டிசம்பரில் பணிமனையின் டீ அறையில் நினைவு தப்பி விழுந்தேன். நான்கு நிமிடம் எங்கே போயிருந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷத்துக்குப் பேருந்து மட்டுமல்ல, சொந்தக் காரையும் தொடக்கூடாது என்றார் டாக்டர். இப்போது தொலைந்த பொருள்கள் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அறுபது குடைக்கும் நூறு தண்ணீர் பாட்டிலுக்கும் நான்தான் அதிகாரி.

அதனால் வீட்டில் இனி என் மனைவிதான் ஓட்ட வேண்டும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு ஷிப்ட் தலைவி வேலை வந்திருக்கிறது. பதினேழு வருஷம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியதற்கு இப்போதுதான் பலன். ஆனால் புதுச் சலவைக் கட்டடம் ஊருக்கு வெளியே. ஷிப்ட் காலை ஐந்துக்கு. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது, அது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஏப்ரல் 15க்குள் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தடையில்லை, டாக்டரிடம் கேட்டாயிற்று. இத்தனை நாள் மூடிக் கிடக்கும் மில்லின் முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். இன்று முதல்முறை சாலைக்கு வந்தோம். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். எனக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

மாத்திரை போட்டேன். தலைச்சுற்றல் இல்லை.

காரை விட்டு இறங்கும்போது கண்ணில் பட்டது. பக்கத்து சீட்டில் கால் நீட்டும் இடத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பலகை ஒன்று இருக்கிறது. அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். யார் இப்படி உதைத்தது என்று எரிச்சலோடு குனிந்தேன். பிறகு என் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். பணிமனை கொடுத்த ஷூ, கறுப்பு ரப்பர் அடி. நுனி தேய்ந்திருந்தது.

எண்ணினேன். பதினொன்று. சாலைக்கு வந்த இரண்டே நாளில் பதினொரு தடவை நான் பிரேக் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது.

வாயால் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? "நல்லா ஓட்டுற, எனக்குப் பயமே இல்ல." வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் இந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

பணிமனையில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காலை மிதித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் அவரைத் 'தையல்காரர்' என்போம். அவர் நடந்து போனால் பின்னாலிருந்து தையல் மிஷின் மாதிரிச் சத்தம் கொடுப்போம். அவர் திரும்பிப் பார்க்காமல் போவார். அந்தப் பெயரை வைத்ததே நான்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் துணியை நனைத்துத் தேய்த்தேன். தூசி போனது. கோடு இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அவள் குளிக்கப் போன நேரத்தில் பற்பசையும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். வெள்ளைப் பற்பசைதான் சரி, ஜெல் உதவாது என்று கவுண்டருக்குப் பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருந்தார். அவரிடமும் மகள் சைக்கிளில் கறை என்று பொய் சொல்லித்தான் கேட்டேன். மகள் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. சைக்கிள் எங்கே இருக்கிறதோ.

நான்கு கோடு போனது. மற்றவை மங்கின. ஆனால் அந்த பிளாஸ்டிக் வழவழப்பானது இல்லை, சொரசொரப்பு. பள்ளங்களில் பற்பசை போய் உட்கார்ந்துகொண்டது. பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ஐம்பத்து மூன்று வயசு மனிதன் காருக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை, அவள் தொழிலே கறைதான். இரத்தமா, மருந்தா, மையா, துருவா என்று விரிப்பைத் தூக்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள். எதற்கு எது போட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவளிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்கத்தான் முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று புதிதாக ஏழு. ரவுண்டானாவில் மட்டும் மூன்று.

மார்ச் 15, சனி

மாத்திரை போட்டேன். தூக்கம் ஐந்து மணி நேரம்.

இந்தப் பக்கத்தை ஒரு தடவை கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

அவள் காரைப் பெருக்க உட்கார்ந்தாள். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே வந்தபோது முன்கதவைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னங்க இவ்வளவு கறுப்பா இருக்கு?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன வந்தது? வாய் தானாகத் திறந்தது. "போன வாரம் நீ ஓட்டும்போது உன் தம்பி முன்னாடி உக்காந்து வந்தானே. அவன் பூட்ஸ்தான்."

மைத்துனன் டைல்ஸ் போடுகிறவன். பூட்ஸில் எப்போதும் சிமென்ட்டு ஒட்டியிருக்கும், அடி கறுப்பு ரப்பர். நம்பக் கூடிய பொய். அது வேறு யோசிக்காமலே அமைந்துவிட்டது, அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அவள் அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டுத் திட்டினாள். டெஸ்ட்டுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அதிகாரி உட்காரும் இடத்தை இப்படி அசிங்கப்படுத்தி வைத்திருக்கிறாயே என்றாள். போனில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. நாளைக்கு வருகிறானாம்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நானே துடைத்துக்கொள்கிறேன், விடு என்று. சொல்லவில்லையே. துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தான். கையில் ஒரு பை. வெள்ளை ஸ்பாஞ்ச் நான்கு, சமையல் சோடா, வினிகர், பழைய பனியன். வேலைக்குப் போகும்போது கட்டும் முழங்கால் பட்டையையும் எடுத்து வந்திருந்தான்.

"ஸாரி மாமா, கவனிக்கல," என்றான்.

கார் நிற்கும் இடத்தில் தரை முழுக்கச் சரளைக்கல். பட்டையைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டுத் தேய்த்தான். சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினான். ஊறட்டும் என்று அவன் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? "அந்த மூலையில இன்னும் இருக்கு பாரு," என்று வேறு கைகாட்டினேன். அவன் அந்த மூலையையும் தேய்த்தான்.

வாரத்தில் ஆறு நாள் முட்டி போட்டு வேலை செய்கிறவன். ஏழாவது நாளும் அவனை முட்டி போட வைத்துவிட்டேன். எழும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

ஸ்பாஞ்ச் நல்ல வேலை செய்கிறது. ஒரே ஒரு ஆழமான கோடு தவிர எல்லாம் போய்விட்டது. மீதி ஸ்பாஞ்சை என்னிடமே கொடுத்துவிட்டான். "வெச்சுக்குங்க மாமா, தேவைப்படும்." சாதாரணப் பேச்சாகத்தான் சொன்னான்.

மார்ச் 17, திங்கள்

மாத்திரை போட்டேன். எழுத ஒன்றுமில்லை.

இருக்கிறது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மேசை இழுப்பறையில் மகளின் பள்ளிக்கூட ரப்பர் ஒன்று அகப்பட்டது. பென்சில் அழிக்கும் ரப்பர், கல் மாதிரி ஆகியிருந்தது. சும்மா தேய்த்துப் பார்த்தேன். ஷூவின் ரப்பர் கோட்டை இந்த ரப்பர் துடைத்து எடுத்துவிடுகிறது, பிளாஸ்டிக்குக்கு ஒரு கெடுதலும் இல்லாமல். பற்பசை, சோடா, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் விட இதுதான் சரி. இப்போதெல்லாம் ஓட்டி முடித்து அவள் வீட்டுக்குள் போனதும், எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி நான் திரும்பி வந்து அன்றைய கோடுகளை அழித்துவிடுகிறேன்.

காலைப் பின்னால் இழுத்து வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு வந்ததும் கால் முன்னால் போய்விடுகிறது. நான் அனுப்புவதில்லை. அது போய்விடுகிறது.

அவள் ஓட்டுவது என்னவோ நன்றாக வந்திருக்கிறது. பயப்படாமல் ஓட்டுகிறாள். கோட்டுக்கு வெகுமுன்னாலேயே சரியாக பிரேக் போடுகிறாள். பிறகு எதற்கு என் கால்?

மார்ச் 26, புதன்

நாளைக்கு டெஸ்ட்.

அந்த ஒரு ஆழமான கோடு மட்டும் போகவில்லை. அதிகாரி நாளை அங்கேதான் கால் நீட்டி உட்காருவார். ஓட்டுநர் வீட்டுக் காரில் இந்தத் தடம் இருக்கலாமா? பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும். இது பயந்தவன் கால் என்று, என்னைப் போல ஒரு ஓட்டுநர் பார்த்தால் புரிந்துவிடும்.

மகள் விட்டுப்போன நெயில் பாலிஷ் ரிமூவர் குளியலறை அலமாரியில் இருந்தது. பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கோடு போனது. கூடவே பிளாஸ்டிக்கும் போனது. சொரசொரப்பு இளகி, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வடு. தொட்டால் வழவழவென்று இருக்கிறது. பதறிப்போய்த் துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது.

சமையல் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் தடவினேன். வெள்ளை மறைந்து ஈரமாகத் தெரிகிறது. நாளைக் காலைவரை தாங்கினால் போதும்.

மாலை ஒரு சுற்றுப் போனபோது அவள் மூக்கைச் சுளித்தாள். "கார்ல என்னங்க ஒரு வாசன?" வெளியிலிருந்து வருகிறது என்றேன். கண்ணாடியை ஏற்றினாள். வாசனை கூடியது.

மார்ச் 27, வியாழன்

தோற்றுவிட்டாள்.

இல்லை. இப்படி எழுதக்கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேர்வு அலுவலகத்து வாசல் பெஞ்சில் நான் காத்திருந்தேன். அதிகாரி நரைத்த தலையோடு ஒரு அம்மா, அதட்டலான ஆளாகத் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். இருபது நிமிடம் ஆக வேண்டும். அதிகாரி இறங்கி வந்து, மன்னிக்க வேண்டும் என்கிற மாதிரிக் குரலில் சொன்னார்: பாதசாரிக் கோட்டில் ஒரு பெரியவர் கடந்துகொண்டிருந்தார், இவங்க நிறுத்தவே இல்லை, நான்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கை தூரம் இருந்ததாம்.

காருக்குள் போய் உட்கார்ந்தேன். அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். அழவில்லை. எனக்குத்தான் கோபம். கோடு தெரியலையா, ஆள் தெரியலையா, இத்தனை நாளா எங்க போச்சு அந்த பிரேக்கு என்று கத்தினேன். கத்தினேன், ஆமாம்.

"கோடு தெரிஞ்சுது," என்றாள். "ஆளும் தெரிஞ்சுது. நீங்க தட்டுவீங்களே, அந்தச் சத்தத்துக்குக் காத்துட்டு இருந்தேன்."

"என்ன தட்டுறது?"

"காலால டொக்குனு தட்டிச் சொல்வீங்கல்ல. பஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க போலன்னு நெனச்சேன். பேசினா நான் பதறுவேன்னுதான் சத்தம் போடாம தட்டுறீங்கன்னு. அந்தச் சத்தம் வந்ததும் போட்டுப் பழகிட்டேன். அந்தம்மா தட்டவே இல்லங்க."

மூன்று வாரமாக அவள் சரியான நேரத்தில் பிரேக் போடுகிறாள் என்று நினைத்தேனே, அத்தனையும் நான் போட்டது. அவளுக்குச் சாலையைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. என் காலைக் கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

அவள் எனக்கு ஒரு கௌரவமான வழியைத் திறந்து வைத்திருந்தாள். ஆமாம், அது ஒரு பயிற்சி முறை என்று சொல்லித் தலைநிமிர்ந்து இறங்கியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெரியவரின் ஒரு கை தூரம் நினைவுக்கு வந்தது.

"அது சொல்லிக் குடுத்ததில்ல," என்றேன். "பயந்து மிதிச்சது."

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். பிறகு அதற்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக்கை. எண்ணெய் காய்ந்து வெள்ளை வடு வெளியே வந்திருந்தது.

"அப்போ அது தம்பி பூட்ஸ் இல்ல."

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அவன் முட்டி போட்டுத் தொடச்சான். நீங்க பக்கத்துல நின்னு மூலையக் காட்டுனீங்க. நான் ஜன்னல்லேருந்து பாத்தேன்."

காரைக் கிளப்பினாள். வீடு வரும்வரை இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவள் சொன்னது ஒன்றே ஒன்று, அதையும் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்: "நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைத் தின்னுடும். என்னக் கேட்டிருக்கலாம்."

மார்ச் 28, வெள்ளி

மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். இன்று வீட்டில் பேசியது இவ்வளவுதான்.

மறு டெஸ்ட் ஏப்ரல் 10க்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் போனால் 15க்குள் வேறு தேதி இல்லை. பதினேழு வருஷம் அவள் காத்திருந்த வேலை, என் கால் நுனியால் போகப்போகிறது.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு பேருந்து மாறி மைத்துனன் வீட்டுக்குப் போனேன். இரண்டிலும் ஓட்டுநர்கள் என்னைத் தெரிந்தவர்கள். முன்னால் வந்து உட்காரச் சொன்னார்கள். கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன்.

அவன் மொட்டை மாடியில் டைல்ஸ் வெட்டும் மிஷினைக் கழுவிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் பத்து மாதிரி வாக்கியம் தயார் செய்திருந்தேன். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. "அந்தக் கறை என்னுது," என்றேன். எந்தக் கறை என்று அவன் கேட்கவில்லை.

"தெரியும் மாமா," என்றான்.

எப்படி என்று கேட்டேன். மிஷினை ஓரமாக வைத்துவிட்டு வந்து, மாடிச் சுவரில் சாய்ந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தான். அவன் பாதம் என் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் நெட்டை, அவன் குள்ளம். சின்ன வயசிலிருந்தே அவனை 'அரைப்படி' என்று கூப்பிடும் வீடு.

"உங்க வண்டியில அந்த சீட்டு எப்பவும் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளித்தான் இருக்கும். என் கால் அந்தப் பலகைக்கு எட்டவே எட்டாது மாமா. நான் அன்னிக்கு உக்காந்து வந்ததே காலத் தொங்கப் போட்டு."

"அப்புறம் எதுக்குடா வந்து தொடச்ச?"

கொஞ்ச நேரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பஸ்ஸையும் புடுங்கிட்டாங்க. அக்கா முன்னாடி இதையும் எதுக்குன்னுதான்."

நான் எழுந்து மாடி ஓரத்துக்குப் போய் நின்றேன். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷமாக இவனை அரைப்படி அரைப்படி என்று நான் சிரித்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவளுக்குத் தம்பியே சொல்லிக் கொடுக்கட்டும், நான் இனி காரில் ஏறவில்லை என்றேன். அது தண்டனை மாதிரி எனக்கே நன்றாக இருந்தது.

அவள் விடவில்லை. "நீங்க தப்பிச்சுப் போயிட்டா எனக்கு யாரு சொல்லிக் குடுக்கறது? இருபத்தேழு வருஷம் ஓட்டுனது நீங்களா, அவனா? வாங்க. ஷூவைக் கழட்டிட்டு சம்மணம் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். காரின் முன்சீட்டில் சம்மணம் போட்டு, மேலே பெல்ட்டும் மாட்டி. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், பரவாயில்லை.

முதல் கோட்டைத் தாண்டிவிட்டாள். இரண்டாவதில் தடாலென்று நிறுத்தினாள். பின்னால் வந்தவர் ஹாரனை அலற விட்டார். சத்தம் இல்லாமல் ஓட்டுவது அவளுக்குப் புதுசு. கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். இதை இத்தனை நாள் தெரியாமல் இருந்தேனே.

சம்மணம் போட்ட காலுக்குள் பாதம் துடிக்கிறது. அது துடிக்கும் இடத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டு, அவள் பிரேக் போடும் இடத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆறேழு கஜம் பிந்தித்தான் போடுகிறாள். அப்படியும் கோட்டுக்கு முன்னால் மெத்தென்று நிற்கிறது. குலுக்கல் இல்லை. அவள் சரி. நான்தான் தப்பு.

நான் பேருந்தை நிறுத்திக்கொண்டிருந்தேன். அறுபது பேரை ஏற்றிய வண்டி நிற்க வேண்டிய தூரத்தில், இந்தச் சின்னக் காருக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரிலேயே இறங்கிவிட்ட பேருந்தை என் கால் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அவளிடம் சொன்னேன். "நீ போடுற இடம்தான் சரி. என் இடம் தப்பு." அடுத்த சிக்னலில் இன்னும் அழகாக நிறுத்தினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

அதே பெஞ்ச். அதே அதிகாரி அம்மா. காரில் ஏறும்போது அந்த வெள்ளை வடுவைக் குனிந்து பார்த்தார், நான் இங்கிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து நிமிடம். பத்து. பன்னிரண்டு ஆனபோது மூச்சே விடவில்லை. பதினைந்து.

இருபத்திரண்டாவது நிமிடம் கார் திரும்பி வந்தது. கோட்டுக்குள் நேராக நின்றது. அதிகாரி இறங்கி அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, விரிப்பை மடிக்கிற மாதிரி நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தாள்.

எழுந்தபோது கவனித்தேன். பெஞ்சுக்கு முன்னால் மண்ணில் என் வலது கால் ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. நான்கு விரல் ஆழம். அவள் வருவதற்குள் காலால் தள்ளி மூடப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வந்து பார்த்தாள். "இங்கயுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

டாக்டர் நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் நடுவில் புரட்டிவிட்டார். நெயில் பாலிஷ் ரிமூவரை முகர்ந்தீர்களா என்று மட்டும் கேட்டார். லேசாக என்றேன். இனி வேண்டாம் என்றார். மாத்திரை அதே அளவு.

ஏப்ரல் 21, திங்கள்

காலை நான்கு இருபதுக்குக் கிளம்பினாள். தனியாக. புதுச் சட்டையில் 'ஷிப்ட் தலைவி' என்று அட்டை குத்தியிருந்தாள். வாசலில் நின்றேன். தெருமுனையில் காரின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, கார் நின்றது, வளைவில் திரும்பிப் போனாள்.

மே 11, ஞாயிறு

காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை. தலைச்சுற்றல் இல்லை. தூக்கம் ஏழு மணி நேரம்.

மகள் நான்கு நாள் விடுப்பில் வந்திருக்கிறாள். ஏரிக்கரைக்குப் போகலாம் என்றாள். அவள் அம்மா ஓட்ட, மகள் முன்னால். நானும் மைத்துனனும் பின்னால்.

ரவுண்டானாவில் ஒரு வேன் குறுக்கே வந்தது. அவள் நிதானமாகத்தான் பிரேக் போட்டாள். ஆனால் முன்னாலிருந்து ஒரு சத்தம். டொக்.

"அங்க பிரேக் இல்ல பாப்பா," என்றாள் அவள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மகள் சிரித்துக்கொண்டே தன் காலைப் பார்த்தாள். பிறகு இன்னும் குனிந்தாள். "இது என்ன வெள்ளையா? யாரும்மா இத இப்படிப் பண்ணி வெச்சது?"

கண்ணாடியில் அவள் அம்மாவின் கண் ஒரு முறை என்னைத் தொட்டுவிட்டுச் சாலைக்குப் போனது. அவள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. அதற்குள் பக்கத்திலிருந்து மைத்துனன் ஆரம்பித்துவிட்டான்.

"அது நான்தான் பாப்பா. ஒரு நாள் பூட்ஸோட ஏறி..."

அவன் முழங்காலில் கை வைத்து நிறுத்தினேன்.

"இல்ல. நான்," என்றேன். "உங்கம்மா ஓட்டக் கத்துக்கும்போது பயந்துபோய் மிதிச்சு மிதிச்சுக் கறையாச்சு. அத மறைக்கப் போய் இப்படி ஆச்சு. பழிய உங்க மாமா மேல போட்டேன். அவன முட்டி போட வெச்சுத் தொடைக்க வெச்சேன்."

மகள் திரும்பி என்னையே பார்த்தாள். இருபத்தேழு வருஷம் விபத்தே இல்லாத அப்பா என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்த பெண். என் காது சுடுவது எனக்கே தெரிந்தது. அவள் பார்வையை விட்டு நான் தலையைத் திருப்பவில்லை.

அவள் அம்மா கியரை மாற்றினாள். கார் ஏரிக்கரைச் சாலையில் ஏறியது.

"இப்ப எப்படி?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று சொல்லவில்லை.

மைத்துனன் குனிந்து என் காலைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"சும்மாதான் இருக்கு அக்கா," என்றான்.